ஒரு கண்ணில் மட்டும் அமிர்தலிங்கம்

அமிர்தலிங்கம் அண்ணனுக்கு ஓரிடத்தில் நிற்க வராது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த எந்தக் குழுப் படத்தைப் பார்த்தாலும் அதில் ஓர் ஆள் மட்டும் கலங்கித் தெரிவார். அது யார் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அவருடைய கல்யாணப் படத்தில் ருக்குமணி அக்கா கேமராவைப் பார்த்து ஒழுங்காக நிற்கிறார். மாப்பிள்ளையோ முகத்தைத் திருப்பி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டால் போட்டோக்காரன் சரியில்லை என்பார்.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர். அங்கே மாத்திரை அட்டையைக் கிழித்தால் இங்கே கேட்கும். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காதை மூடிக்கொண்டு சமைக்க முடியாது, அவ்வளவுதான்.

அவர் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். இளவயதில் சிங்கப்பூருக்குப் போய் ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்தார். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று இரும்பைத் தேய்க்கச் சொன்னார்களாம். தீபாவளிக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அப்புறம் கொழுந்து வெட்டும் மிஷினுக்கு வந்துவிட்டார். அந்த மிஷினைத் தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடந்தால்தான் வெட்டு சீராக விழும். இவரோடு ஜோடி சேர்ந்தவர்கள் எல்லாரும் மாதக் கடைசியில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் போய் வேறு ஆள் கேட்டார்கள். கடைசியாக வந்த நேபாளத்துக்காரர் மட்டும்தான் இவர் வேகத்துக்கு ஓடினார். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் குறை சொல்லவும் வழியில்லை.

ருக்குமணி அக்கா திரிங்காப்பில் பூத்தோட்ட வேலை செய்த குடும்பத்துப் பெண். அண்ணன் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூடப் பேச மாட்டார். ஒரே மகள் யுவனேஸ்வரி ஈப்போவில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

போன வருடம் மலைச்சரிவில் மிஷினைப் பிடித்தபடியே அண்ணன் சரிந்து விழுந்தார். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் ஓடி வந்து பார்த்துவிட்டு லாரியிலேயே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. இருதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய்களில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும், முறை வரும்போது கூப்பிடுகிறோம், அதுவரை மாத்திரை என்றார்கள். வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள்.

தோட்ட மேனேஜர் துரை அவரை மிஷினிலிருந்து எடுத்து நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார். அண்ணன் மாத்திரை போட்டார், நாற்றுக்குத் தண்ணீர் விட்டார், பார்க்கிறவர்களிடமெல்லாம் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"எறும்பு கடிச்ச வலிகூட இல்ல. மாத்திரையிலயே சரியாயிடுச்சு. அறுத்துப் பாக்கணும்னு அவனுங்களுக்கு என்ன ஆசையோ."

ஆபரேஷனுக்குத் தேதி வந்தது. ஆடித் திருவிழா முடிந்து வருகிற இரண்டாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை. அதைத் தவற விட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது என்று மகள் விசாரித்துச் சொன்னாள். அண்ணன் பார்க்கலாம் என்றார். வரமாட்டேன் என்பதை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்லுவார்.

இந்த நிலைமையில்தான் குகன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான். குகன் எங்கள் தோட்டத்து லாரி டிரைவரின் மகன். முப்பது தாண்டிவிட்டது, இன்னும் பெண் அமையவில்லை. கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான். மூடுபனி இறங்கிவிட்டால் தேயிலை மலையைப் பார்க்க வந்தவர்களுக்கு எதிரே நிற்கிற பஸ்கூடத் தெரியாது. அவர்களை ஒரு சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் ஒரு கண்ணாடியை மாட்டி, குகன் மலையைக் காட்டுவான். நாற்காலியோடு சுற்றினால் மலையும் சுற்றிலும் தெரியும். கிட்டே இருக்கிற கொழுந்து கிட்டேயும் தூரத்து மேடு தூரத்திலும் நிற்கும். பனியில் நனையாமல் பார்த்துவிட்டுப் போகலாம். அதற்கும் ஆள் வருகிறது.

எப்படி இதைச் செய்கிறாய் என்று நான் ஒரு நாள் கேட்டேன். நம் இரண்டு கண்ணும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒவ்வொன்றும் ஒரு தனிப் படத்தைப் பார்க்கிறதாம். இரண்டும் சேரும்போதுதான் எது கிட்டே, எது தூரம் என்று தெரிகிறதாம். அதனால் ஒரு குறுக்குச் சட்டத்தின் இடது முனையில் கேமராவை வைத்துச் சுற்றிலும் ஒரு தடவை எடுப்பான். பிறகு கேமராவை வலது முனைக்கு மாற்றி, அதே இடத்தைச் சுற்றிலும் இன்னொரு தடவை எடுப்பான். முதல் சுற்று இடது கண்ணுக்கு, இரண்டாவது வலது கண்ணுக்கு. மலை நகராது, அதனால் வேலை சுலபம். மனிதர்களை எடுப்பதுதான் தொல்லை என்றான்.

தொல்லை என்று தெரிந்தும் ஆடித் திருவிழாவை அப்படி எடுக்கக் கோயில் கமிட்டி அவனைக் கேட்டது. எங்கள் மாரியம்மன் கோயில் முற்றத்தின் நடுவில் அவன் கேமராவை நட்டான். பால்குட ஊர்வலம் வந்து சேர்ந்த நேரம். அபிஷேகம் தொடங்கும்வரை குடத்தைத் தலையில் வைத்தபடி பெண்கள் வாசல் பக்கம் வரிசையாக நின்றோம். ருக்குமணி அக்கா வரிசையின் கடைசி. அண்ணனுக்காக வேண்டிக்கொண்டு எடுத்த குடம். ஆண்கள் சன்னிதிப் பக்கம் நின்றார்கள். அண்ணன் வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால், பச்சைத் தூணை ஒட்டி நின்றார்.

"ரெண்டு சுத்து எடுக்கணும். நான் கைய காட்டறவரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்று குகன் சத்தம் போட்டுச் சொன்னான். "அமிர்தலிங்கம் மாமா, முக்கியமா உங்களுக்குத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். தலையில் பால் இருந்ததால் நாங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

முதலில் படம் எங்கள் போனுக்கு வந்தது. விரலால் தள்ளினால் கோயில் சுற்றிச் சுற்றி வந்தது. அண்ணன் தூணருகே பளிச்சென்று நின்றார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் கலங்காமல் விழுந்த படம் அது. யுவனேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு ஈப்போவிலிருந்து சிரித்து அனுப்பினாள். போனுக்கு அனுப்பியது இடது கண் படம் மட்டும் என்று குகன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் மண்டபத்தில் அதைச் சரியாகப் பார்க்க எல்லாரும் கூடினோம். குகன் பெரிய டிவியில் படத்தைப் போட்டு, ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலமும் ஒட்டிய அட்டைக் கண்ணாடிகளைக் கொடுத்தான். கண்ணாடி போடாமல் பார்த்தால் எல்லாருக்கும் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டியிருந்தது. அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கு மட்டும் ஓரம் இல்லை. சட்டை முழுவதும் சிவப்பாக இருந்தது.

"கண்ணாடி போட்டா சரியாயிரும்லா" என்றார் தர்மா. அவர் கோயில் கமிட்டித் தலைவர், எதையும் தனக்குத் தெரிந்தது போலவே பேசுவார்.

கண்ணாடி போட்டோம். மற்ற எல்லாரும் சரியானார்கள், திரையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அண்ணன் மட்டும் சரியாகவில்லை. இருப்பது போலவும் இல்லாதது போலவும் மினுக்கினார்.

அடுத்து, தலையில் மாட்டும் பெரிய கண்ணாடி. பிளாஸ்டிக் நாற்காலியில் சன்னிதியைப் பார்த்தபடி உட்கார்ந்து ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டோம். அதைப் போட்டதும் மண்டபம் மறைந்து நாமே கோயில் முற்றத்தில் நின்றோம். எங்கள் லயத்து விக்னேஸ்வரி, படத்தில் நின்ற பூசாரியின் தட்டிலிருந்து திருநீறு எடுக்கக் கையை நீட்டி, பக்கத்தில் இருந்தவள் மூக்கில் இடித்தாள். அப்போதும் சிரிப்பு. அப்புறம் அண்ணன் மாட்டினார். தன்னைத் தேடித் தலையைத் திருப்பியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்னைத் தாண்டித் தூண் தெரியுது" என்றார்.

தர்மாவுக்குத்தான் வாய் நிற்காதே. "அம்மன் சன்னிதியில ஆள் பாதிதான் தெரியுதுன்னா..." என்று தொடங்கி, மனைவி தொடையில் கிள்ளியதும் நிறுத்தினார். நிறுத்தி என்ன பயன்? மிச்சத்தை எல்லாரும் மனதுக்குள் சொல்லி முடித்துவிட்டார்கள்.

குகன் பதறிப்போய் வந்தான். "அது ஒண்ணும் இல்ல மாமா. மொத சுத்துல நின்னீங்க, ரெண்டாவது சுத்துல நகந்துட்டீங்க. அதான் ஒரு கண்ணுக்கு மட்டும் விழுந்திருக்கு."

"நான் நகரல" என்றார் அண்ணன். "நின்ன எடத்துலதான் நின்னேன்."

வேறு நாளாக இருந்தால் மண்டபமே சிரித்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலமே அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஈப்போவுக்குப் போகப் போவதில்லை. கத்தி பட்டால் ஆள் திரும்ப மாட்டான் என்று அம்மனே காட்டிவிட்டாள். மாத்திரை போதும். வலிதான் இல்லையே.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மனிதர் சகுனம் பார்த்து நான் கண்டதில்லை. பூனை குறுக்கே போனால் அதோடு பேசிக்கொண்டு போகிறவர். ஆபரேஷன் என்றதும் சகுனம் வந்துவிட்டது. பயத்தைப் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு அம்மன் மேல் போடுகிறார் என்று சுவருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

ஆனால் ருக்குமணி அக்காவுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போகச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால், போக விடாமல் ஏதாவது ஆகிவிட்டால் என்று இரண்டு பக்கமும் யோசித்து, சோற்றை அடிப்பிடிக்க விட்டார். மகள் போனில் அழுதாள். மறுநாள் காலையில் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"திலகா, அந்தக் குகன் கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா? அவரை நல்லாத் தெரியற மாதிரி திருத்தித் தர முடியுமான்னு கேக்கணும். ரெண்டு கண்ணுக்கும் தெரிஞ்சா மனசு மாறுவாருன்னு பாக்கறேன்."

எனக்கு அன்று விடுப்பு. என் பழைய கஞ்சில் காரில் ஏற்றிக்கொண்டு கியா பார்முக்குப் போனேன். மூடுபனி கட்டியிருந்தது. சோளம் விற்கிறவர்கள் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். குகன் கடையில் கூட்டம் இல்லை.

அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். "திருத்தலாம் அத்தை. இடது படத்துல இருக்கறவரை வெட்டி வலதுலயும் ஒட்டிரலாம். ஆனா அது பொய்யில்ல? மாமா நகந்தாரு, அதான் விஷயம். கேமரா பாக்கற பக்கம்தான் நானும் பாத்துக்கிட்டிருப்பேன், அதனால அவரு நகந்ததை நான் பாக்கல."

"நகரலன்னு சாதிக்கறாரே."

"சத்தியம் பண்ணச் சொல்லுங்க அத்தை. பண்ண மாட்டாரு."

அவன் அக்காவைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணாடியை மாட்டினான். தூணைப் பார்க்கச் சொன்னான். வலது கண்ணை மூடச் சொன்னான். அண்ணன் முழுதாக நின்றார். இடது கண்ணை மூடச் சொன்னான். வெறும் தூண். அக்கா இரண்டையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். அதற்கப்புறம், நானோ குகனோ தர்மாவோ அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"அப்ப ரெண்டாவது சுத்துல அவரு எங்க போனாரு?"

குகன் முழித்தான். எங்கேயாவது தண்ணீர் குடிக்கப் போயிருப்பார் என்றான். சுற்றிலும் எடுத்த படத்தில் ஓர் ஆள் எங்கே போனாலும் எங்காவது விழுந்துதானே இருக்க வேண்டும் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மண்டபத்தில் நாங்கள் எல்லாரும் அசையாத நாற்காலியில் சன்னிதியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். முதுகுப் பக்கம் யாரும் திரும்பவே இல்லை.

"சுத்துங்க அத்தை. மெதுவா, வலது பக்கமா" என்றான் குகன்.

அக்கா காலால் தரையை உந்தி உந்திச் சுற்றினார். அவர் பார்ப்பது குகனின் கம்ப்யூட்டரிலும் ஓடியது. நானும் குனிந்து பார்த்தேன். பூசாரி போனார், மேளக்காரர்கள் போனார்கள், டிரஸ்ஸர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தண்ணீர்ப் பானை போனது. பிறகு பெண்களின் வரிசை. கண்ணை இறுக்கிக்கொண்டு நான். கடைசியில் தலையில் குடத்தோடு ருக்குமணி அக்கா. அவர் தோளுக்குப் பின்னால் ஒரு மங்கலான உருவம்.

"இடது கண்ண மூடுங்க" என்றான் குகன்.

அண்ணன்தான். எல்லாரும் கேமராவையே பார்த்து நின்ற நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். ஒரு கையால் வாசல் கம்பியைப் பிடித்திருந்தார். இன்னொரு கை நெஞ்சைச் சட்டையோடு சேர்த்துக் கசக்கிப் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது. மலைச்சரிவில் விழுந்த அன்று லாரியில் அவர் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நான் அந்த லாரியில் கூடப் போனவள், எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு முழம் முன்னால் அக்கா நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். குடம் தலையில் இருக்கிறவள் எப்படித் திரும்பிப் பார்ப்பாள்?

அக்கா வெகு நேரம் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றியபோது கண்ணாடிக்குள் ஈரமாகியிருந்தது. குகன் அதை வாங்கித் துடைத்து வைத்தான்.

"இந்த வலது கண்ணு படத்த மட்டும் என் போன்ல போட்டுக் குடு" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அண்ணன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவர் முன்னால் போனை நீட்டினார். நான் என் வீட்டுப் பின்வாசலில் நின்றேன். இந்தத் தடவை ஒட்டுத்தான் கேட்டேன், மறைக்கவில்லை.

"என்னா இது?"

"உங்க மிச்சப் பாதி" என்றார் அக்கா.

அவர் போனை வாங்கிப் பார்த்தார். கம்பியும் குறடும் கையிலிருந்து நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"வலியே இல்லன்னீங்க."

"அப்பப்ப வரும். போயிரும்."

"எத்தன நாளா?"

அவர் கீழே கிடந்த குறடை எடுக்கப் போனார்.

"நகரவே இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே."

"நகந்தேன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க. வலின்னு சொன்னா அன்னைக்கே ஈப்போவுக்குத் தூக்கிட்டுப் போயிருவீங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குப் பயமா இருக்கு ருக்கு."

முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டார்.

"டிரஸ்ஸர் அந்தப் பக்கம்தான நின்னாரு" என்றார் அக்கா. "நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அவரைத் தாண்டி, அம்புட்டுப் பேரையும் தாண்டி, எதுக்கு எங்கிட்ட வந்தீங்க? நான் என்ன டாக்டரா?"

"விழுந்தா உம் பக்கத்துல விழுவோமேன்னு வந்தேன்."

அக்கா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அதற்கப்புறம் அந்தக் கையை எடுக்கவில்லை. நான் உள்ளே போயிருக்க வேண்டும், போகவில்லை.

"பக்கத்துல விழறதுக்கா நான் உங்களக் கட்டிக்கிட்டேன்" என்றார் அக்கா.

அண்ணன் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். போனை அக்கா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதன்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்.